மடியை மட்டும் பார்த்து மாடு வாங்கலாமா? குடிநீர் நிலையத்தை எடைபோடும் வழி

போச்சம்பள்ளிச் சந்தைக்கு மாடு பிடிக்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது மடியை. விற்க வந்தவருக்கும் அது தெரியும். அதனால் சிலர் முந்தின நாள் சாயங்காலம் கறக்காமலேயே ஓட்டி வந்துவிடுவார்கள். காலையில் மடி புடைத்துக்கொண்டு நிற்கும். விவரம் தெரிந்த ஆள் மடியோடு நின்றுவிட மாட்டார். எத்தனாவது ஈத்து, சித்திரை வெயிலில் எவ்வளவு கறக்கும், என்ன தீவனம், வீட்டில் கறப்பது யார் என்று ஒவ்வொன்றாகத் துருவுவார்.

ஊருக்குக் குடிநீர் தரும் சுத்திகரிப்பு நிலையம் நன்றாக வேலை செய்கிறதா என்று பார்ப்பதும் கிட்டத்தட்ட இதே வேலைதான். ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்து, ஆய்வகத்துக்கு அனுப்பி, 'குடிக்க உகந்தது' என்று தாள் வாங்குவது மடியைப் பார்ப்பது. அந்தத் தாள் பொய் சொல்லவில்லை. ஆனால் அது அந்த ஒரு பாட்டிலைப் பற்றி மட்டும்தான் பேசுகிறது. நேற்று ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் போய் வந்த பிறகு என்ன நடந்தது, ஆடியில் புதுவெள்ளம் வரும்போது என்ன நடக்கும் என்பதற்கெல்லாம் அதில் பதில் இல்லை. அந்தப் பதிலைத் தேடுவதற்குத்தான் செயல்திறன் மதிப்பீடு என்று பெயர். பெயர் பெரிதாக இருக்கிறதே தவிர, உள்ளே இருப்பது பள்ளிக்கூடக் கணக்கும் கொஞ்சம் பொறுமையும்தான்.

நமக்கு இது ஏன் முக்கியம்

தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களிடம் தண்ணீர் என்று பேச்செடுத்தால் ஃபுளோரைடில்தான் போய் நிற்கும். நம் மண்ணுக்குக் கீழே இருக்கும் பாறையில் ஃபுளோரைடு உள்ள தாதுக்கள் கலந்திருக்கின்றன. போர்வெல் ஆழமாகப் போகப் போக, தண்ணீர் அந்தப் பாறையோடு பல வருடம் ஊறி, ஃபுளோரைடைக் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது. வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். அதைத் தாண்டிய தண்ணீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பல்லில் காவி ஏறும். இன்னும் அதிகமானால் எலும்பைப் பிடிக்கும். என் வயதுக்காரர்கள் பலர் போட்டோவுக்கு வாயை மூடிக்கொண்டு சிரிப்பதற்குக் காரணம் வெட்கம் இல்லை, தண்ணீர்.

இதற்கு மாற்றாகத்தான் காவிரித் தண்ணீரைக் கொண்டு வந்தார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஜப்பான் கடனுதவியோடு, சுமார் 1,928 கோடி ரூபாய்த் திட்டமாக வளர்ந்து, 2013 மே மாதம் தொடங்கிவைக்கப்பட்டது. ஆற்றில் எடுக்கும் தண்ணீர் யானைப்பள்ளத்தில் சுத்திகரிக்கப்பட்டு, மேட்டுக்கு ஏற்றப்பட்டு, இரண்டு மாவட்டத்துக்கும் போகிறது.

இதில் ஒரு பண்டமாற்று நடந்திருக்கிறது, அதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. போர்வெல் தண்ணீர் பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும். கெடுதல் உள்ளே இருக்கும். ஆற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு தொல்லை இல்லை. ஆனால் கலங்கலும் கிருமியும் உண்டு. நல்ல பேரம்தான், சந்தேகமில்லை. கலங்கலையும் கிருமியையும் நீக்க உலகத்துக்கு நூறு வருடத்துக்கு மேல் வழி தெரியும். ஆனால் போர்வெல்லுக்கு மோட்டார் ஓடினால் போதும். ஆற்றுத் தண்ணீருக்கு ஒரு நிலையம் ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு மணி நேரமும் சரியாக ஓடியாக வேண்டும்.

உள்ளே என்னதான் நடக்கிறது

நம் பாட்டிமார் மண்பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை இழைத்து, கலங்கல் தண்ணீரை ஊற்றி வைப்பார்கள். கொஞ்ச நேரத்தில் மண் அடியில் படிந்து மேலே தெளிவு நிற்கும். பெரிய நிலையத்தில் நடப்பதும் அதுதான். கொட்டைக்குப் பதில் படிகாரம். தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய களிமண் துகள்கள் ஒரே வகை மின்னூட்டம் கொண்டவை. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருப்பதால் தானாகப் படியாது. படிகாரம் அந்தத் தள்ளலை அடக்குகிறது. அப்புறம் தண்ணீரை மெதுவாகக் கலக்கினால் துகள்கள் ஒட்டிக்கொண்டு பஞ்சு மாதிரித் திரளும். அந்தத் திரளை ஒரு பெரிய தொட்டியில் படிய விட்டு, மேலே நிற்கும் தெளிவை மணல் வடிகட்டியில் விட்டு, கடைசியில் குளோரின் சேர்ப்பார்கள்.

நான்கு படிகள்: திரட்டுவது, படியவைப்பது, வடிப்பது, கிருமி கொல்வது. ஒவ்வொன்றும் ஒரு தடுப்பு. ஒன்று சறுக்கினால் அடுத்தது தாங்க வேண்டும். மதிப்பீடு செய்ய வருகிறவர் கடைசியில் வரும் தண்ணீரை மட்டும் பார்க்காமல், ஒவ்வொரு தடுப்பும் தன் பங்கைச் செய்கிறதா என்று தனித்தனியாகப் பார்ப்பது இதனால்தான். படியவைக்கும் தொட்டி சோம்பேறியாகி, மணல் வடிகட்டி மட்டும் எல்லாச் சுமையையும் தாங்கிக்கொண்டிருந்தால், இன்றைக்குக் கடைசித் தண்ணீர் நன்றாகத்தான் இருக்கும். வெள்ளம் வரும் நாளில் தெரியும் சேதி.

கலங்கல் என்ற அளவுகோல்

கிருமிகளை நேரடியாக எண்ணிப் பார்க்க நேரம் பிடிக்கும். கலங்கலை அளக்க ஒரு நிமிடம் போதும். சிறு குப்பியில் தண்ணீரை ஊற்றி, ஒளியைப் பாய்ச்சி, துகள்களில் பட்டு எவ்வளவு ஒளி சிதறுகிறது என்று கருவி சொல்லிவிடும். அதன் அலகு என்டியு. நம் நாட்டுத் தரப்படி குடிநீரில் 1 என்டியு வரை இருக்கலாம். மாற்று வழி இல்லாத இடத்தில் 5 வரை. கண்ணுக்குக் கலங்கல் லேசாகத் தெரிய ஆரம்பிப்பதே சுமார் 5-இல்தான். அதாவது, 'பார்த்தால் தெளிவாகத்தானே இருக்கிறது' என்பது ஒரு வாதமே இல்லை.

இந்த விஷயத்தில் உலகத்துக்குப் பாடம் சொன்னது அமெரிக்காவின் மில்வாக்கி நகரம். 1993 வசந்த காலத்தில் அங்கே சுமார் 4 லட்சம் பேருக்கு வயிற்றுப்போக்கு வந்தது. காரணம் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி. குளோரின் அதை ஒன்றும் செய்யாது. வடிகட்டியில் பிடித்தால்தான் உண்டு. அந்த நகரத்தின் இரண்டு நிலையங்களில் ஒன்றில், வடித்த தண்ணீரின் கலங்கல் அந்த நாட்களில் வழக்கத்தைவிட ஏறி 1.7 வரை போயிருந்தது. அப்போதைய விதிகளை வைத்துப் பார்த்தால் அந்தத் தண்ணீர் தேறியே இருந்தது. தேறிய தண்ணீரைக் குடித்துத்தான் நான்கு லட்சம் பேர் படுத்தார்கள்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நிலையங்களை மதிப்பிட்டுத் திருத்தும் முறை ஒன்றை ஏற்கெனவே வைத்திருந்தது. கையேடாக 1991-இல் வந்து, 1998-இல் திருத்தப்பட்டது. சட்டம் கேட்பதைவிட அது கடுமையான இலக்கு வைக்கிறது. வடித்த தண்ணீர் 100-க்கு 95 தடவை 0.1 என்டியுவுக்குள் இருக்க வேண்டும். ஆற்றுத் தண்ணீர் எவ்வளவு கலங்கினாலும் படியவைக்கும் தொட்டியிலிருந்து வருவது 2-ஐத் தாண்டக் கூடாது. இது நம் ஊருக்குக் கட்டாயம் இல்லை. ஆனாலும் குறி எங்கே வைப்பது என்று தெரிந்துகொள்ள நல்ல எண்கள்.

இனி மதிப்பீட்டின் உயிர்நாடிக்கு வருகிறேன். கடந்த ஒரு வருடக் கலங்கல் அளவுகளை எடுத்து, ஒரே வரைபடத்தாளில் மூன்று கோடு போடுங்கள்: ஆற்றுத் தண்ணீர், படிந்த தண்ணீர், வடித்த தண்ணீர். நாளுக்கு ஒரு புள்ளி. சராசரி வேண்டாம், அன்றைய அதிகபட்ச அளவு. சராசரி போட்டால் மோசமான ஒரு மணி நேரம் மற்ற இருபத்துமூன்று மணி நேரத்துக்குள் போய் ஒளிந்துகொள்ளும்.

முதல் கோடு ஏறி இறங்கத்தான் செய்யும். பிலிகுண்டுலுவில் வரத்து விநாடிக்கு லட்சம் கனஅடியைத் தாண்டி, ஒகேனக்கல்லில் பரிசலை நிறுத்தி, அருவியே செம்மண் கரைசலாக விழும் நாட்களில் அது தாளை விட்டு வெளியே போகும். நாம் பார்க்க வேண்டியது இரண்டாவது, மூன்றாவது கோடுகளை. முதல் கோடு எகிறும்போது அவை அசையாமல் கிடந்தால் நிலையம் வேலை செய்கிறது. முதல் கோட்டின் பின்னாலேயே அவையும் எழுந்து விழுந்தால், ஆற்றின் குணத்தை நிலையம் அப்படியே ஊருக்குக் கடத்துகிறது என்று அர்த்தம். வேறு எந்த ஆவணத்தையும் விட இந்தத் தாள் அதிகம் பேசும்.

ஒரு எச்சரிக்கை. சில இடங்களில் மூன்றாவது கோடு வருடம் முழுக்க 0.5 என்று நூல் பிடித்த மாதிரி போகும். சந்தோஷப்பட வேண்டாம். நோட்டை வாங்கிப் பாருங்கள். ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரு வாரத்துக்கான எண்களை ஒரே உட்காரலில் எழுதியது போலிருக்கும். இயற்கையில் எந்த அளவும் அப்படி அடங்கி நிற்காது.

நாள் கணக்கா, மணிக் கணக்கா

ஒரு நிலையத்தின் கொள்ளளவு என்ன என்று கேட்டால் 'ஒரு நாளைக்கு ஒரு கோடி லிட்டர்' என்பது போலப் பதில் வரும். இந்தப் பதிலில் ஒரு கண்ணி இருக்கிறது. தொட்டிக்கும் மணலுக்கும் நாள் தெரியாது. அந்த நேரத்தில் எவ்வளவு வேகமாகத் தண்ணீர் வருகிறது என்பது மட்டும்தான் தெரியும்.

கற்பனையாக ஒரு நிலையம் வைத்துக்கொள்வோம். ஒரு கோடி லிட்டர் என்பது 10,000 கன மீட்டர். 24 மணி நேரம் சீராக ஓடினால் மணிக்கு சுமார் 417 கன மீட்டர். வடிகட்டிகள் ஆறு, ஒவ்வொன்றும் 14 சதுர மீட்டர், மொத்தம் 84. வகுத்தால், மணல் மேல் தண்ணீர் மணிக்கு 5 மீட்டர் வேகத்தில் இறங்குகிறது. மத்திய அரசின் குடிநீர்க் கையேடு விரைவு மணல் வடிகட்டிக்குச் சொல்வது 4.8 முதல் 6 வரை. ஒரு வடிகட்டியைக் கழுவ நிறுத்தினாலும் மற்ற ஐந்தும் சேர்ந்து 6-க்குள் தாங்கிவிடும். பிரமாதம்.

அதே நிலையத்தைக் கரண்ட் காரணமாகவோ, ராத்திரி ஆள் இல்லாததாலோ 16 மணி நேரம் மட்டும் ஓட்டி, அதே ஒரு கோடி லிட்டரை எடுக்கிறார்கள் என்றால்? மணிக்கு 625 கன மீட்டர். வேகம் 7.4. படிய வேண்டிய திரள் படிவதற்குள் அடித்துக்கொண்டு போகும். மணலில் மாட்ட வேண்டிய துகள் நழுவும். தாளில் பார்த்தால் இரண்டு நிலையமும் ஒன்றே, நாளைக்கு ஒரு கோடி. மதிப்பீட்டில் பயன்படுத்த வேண்டியது இந்த உச்ச ஓட்டத்தைத்தான்.

இதைத் திருப்பிப் போட்டால் காசில்லாத வைத்தியம் ஒன்று கிடைக்கும். சிறிய ஊர்களில் எட்டு மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டிவிட்டு நிறுத்தும் நிலையத்தை, பாதி வேகத்தில் பதினாறு மணி நேரம் ஓட்டினால், புதிதாக ஒரு செங்கல் வைக்காமல் ஒவ்வொரு தொட்டியும் இரட்டிப்புப் பெரிதானதற்குச் சமம். ஆள் சம்பளம் கூடும், அது உண்மை. ஆனால் புதுத் தொட்டி கட்டும் செலவோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒவ்வொரு தொட்டிக்கும் இப்படிக் கணக்குப் போட்டு முடித்தால் நிலையம் மூன்று வகையில் ஒன்றில் விழும். எல்லாத் தொட்டியும் உச்ச ஓட்டத்தைத் தாங்கும் என்றால், தண்ணீர் சரியில்லாததற்குக் கட்டடம் காரணம் இல்லை. ஓட்டும் விதத்தைப் பார்க்க வேண்டும். சில தொட்டிகள் எல்லைக்கோட்டில் இருந்தால், நன்றாக ஓட்டியே சமாளிக்க வாய்ப்பு உண்டு. ஏதாவது ஒன்று ரொம்பச் சின்னது என்றால் மட்டும்தான் கட்டட வேலை. நம் ஊரில் பெரும்பாலும் கடைசியிலிருந்து ஆரம்பிக்கிறோம். 'தண்ணி கலங்கலா வருது' என்றதும் புது நிலையம் கட்டச் செலவுக் கணக்கு தயாராகிவிடும்.

மணலைக் கழுவும் நேரம்

வடிகட்டியில் அழுக்கு சேரச் சேர மணல் அடைத்துக்கொள்ளும். அப்போது கீழிருந்து மேலாகத் தண்ணீரை வேகமாக விட்டுக் கழுவ வேண்டும். இங்கே பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று: கழுவி முடித்த உடனே வடிகட்டி நன்றாக வேலை செய்யாது. கழுவலில் கிளம்பிய துகள்கள் கொஞ்சம் மணலுக்குள்ளேயே மிச்சம் நிற்கும்; முதல் சில நிமிடங்களில் அவை அப்படியே ஊருக்குப் போகும். அமெரிக்கக் கையேட்டின் இலக்கு, அந்தச் சமயத்தில்கூட 0.3-ஐத் தாண்டக் கூடாது, 15 நிமிடத்துக்குள் 0.1-க்குத் திரும்ப வேண்டும். வழி எளிது. கழுவிய வடிகட்டியிலிருந்து முதலில் வருவதைக் கழிவில் விடலாம். அந்த வசதி இல்லையென்றால் வால்வை மெல்ல மெல்லத் திறக்கலாம். எதுவும் இல்லையென்றால் கழுவிய பின் கொஞ்ச நேரம் சும்மா நிற்க விட்டு ஆரம்பிக்கலாம்.

இதைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு வடிகட்டியையும் தனியாக அளக்க வேண்டும். ஆறும் கலந்த பிறகு அளந்தால், ஐந்து நல்ல வடிகட்டிகளின் முதுகுக்குப் பின்னால் ஒரு கெட்டது ஒளிந்துகொள்ளும்.

குளோரினுக்கு நேரம் வேண்டும்

குளோரின் போட்டாச்சு என்பது பாதிச் செய்தி. எவ்வளவு நேரம் தண்ணீரோடு இருந்தது என்பது மீதி. லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்பதை எத்தனை நிமிடம் என்பதோடு பெருக்கினால் வரும் எண்தான் கிருமி கொல்லும் வலிமை. நம் கற்பனை நிலையத்தில் 1,000 கன மீட்டர் தொட்டி ஒன்று இருக்கிறது. 417-ஆல் வகுத்தால் 2 மணி 24 நிமிடம். ஆனால் தண்ணீர் புத்திசாலி, குறுக்கு வழியில் போகும். தடுப்புச் சுவர் எதுவும் இல்லாத தொட்டியில், நுழைந்த இடத்திலிருந்து வெளியேறும் இடத்துக்கு நேராகப் பாயும். அப்படிப்பட்ட தொட்டிக்குக் கணக்கில் பத்தில் ஒரு பங்கு நேரம்தான் எடுத்துக்கொள்வார்கள்: 14 நிமிடம். உள்ளே குறுக்குச் சுவர் எழுப்பி, தண்ணீரை வளைந்து வளைந்து போகவைத்தால் பாதிவரை கணக்கில் எடுக்கலாம்: 72 நிமிடம். அதே குளோரின், ஐந்து மடங்கு பலன்.

கார அமிலத் தன்மையும் இதில் விளையாடும். பிஎச் 7.5-இல் குளோரினில் ஏறக்குறைய பாதிதான் வீரியமான வடிவத்தில் இருக்கும், 8.5-க்கு ஏறினால் பத்தில் ஒரு பங்குக்குக் குறையும்.

யார் மேல் தப்பு

மேலே சொன்னதெல்லாம் எங்கே சறுக்குகிறது என்பதை மட்டும் சொல்லும். ஏன் என்பது அடுத்த கட்டம். காரணங்களை நான்கு கூடையில் போடுவார்கள்: வடிவமைப்பு, இயக்கம், பராமரிப்பு, நிர்வாகம். ஒவ்வொரு காரணத்துக்கும் பாதிப்பின் அளவுக்கேற்ப ஏ, பி, சி என்று தரம் போடுவார்கள். ஊழியர்களைத் தனித்தனியாக உட்காரவைத்துப் பேசுவதும் இந்த வேலையில் ஒரு பகுதி. மேலதிகாரி பக்கத்தில் நின்றால் யார் வாயைத் திறப்பார்கள்?

ஒருமுறை ஒரு நிலையத்தைச் சுற்றிப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. எந்த ஊர் என்பது வேண்டாம். கலங்கல் அளக்கும் கருவி பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் அலமாரியில் இருந்தது. "படிகாரம் எவ்வளவுண்ணா போடுவீங்க?" என்று ஆபரேட்டரிடம் கேட்டேன். "ஆத்துல தண்ணி செவந்தா ரெண்டு மூட்டை, இல்லன்னா ஒரு மூட்டைங்க சார். கண்ணால பாத்தாலே தெரிஞ்சுரும்" என்றார். சட்டென்று, ஆபரேட்டருக்குப் பயிற்சி போதாது என்று எழுதிவிட்டு வரத் தோன்றும். கொஞ்சம் துருவினேன். அன்றைக்கு எவ்வளவு படிகாரம் வேண்டும் என்று சோதித்துச் சொல்லும் ஜார் டெஸ்ட் கருவி ஏன் ஓடவில்லை? மோட்டார் எரிந்துவிட்டது. ஏன் சரி செய்யவில்லை? கடிதம் எழுதியிருக்கிறார்கள். ஏன் பதில் வரவில்லை? சில ஆயிரம் ரூபாய்ச் செலவுக்கும் வெளியூர் அலுவலகத்தில் கையெழுத்து வேண்டும். சரி, கலங்கல் கருவி? அது சரியாக அளக்கிறதா என்று சரிபார்க்கும் கரைசல் காலாவதி ஆகிவிட்டது. அவர் ஒப்பந்தத் தொழிலாளி. ஒரே ஆளாக 12 மணி நேரம்.

இப்போது இதை எந்தக் கூடையில் போடுவீர்கள்? மூட்டை கணக்கு இயக்கம்தான். அதன் வேர் நிர்வாகத்தில் இருக்கிறது. அந்த வேரைத் தொடாமல் அவருக்கு மூன்று நாள் பயிற்சி கொடுத்தால், சான்றிதழை மாட்டிவைத்துவிட்டுத் திரும்பவும் மூட்டையைத்தான் எண்ணுவார்.

திருத்துவது எங்கிருந்து

நான் கேட்டால் படிகாரத்திலிருந்து என்பேன். திரளே சரியாக உருவாகவில்லையென்றால், படியவைக்கும் தொட்டியையும் மணலையும் எவ்வளவு புதுப்பித்தாலும் வீண். ஜார் டெஸ்ட் என்பது பெரிய வித்தை இல்லை. 10 கிராம் படிகாரத்தை ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் கரைத்தால், அந்தக் கரைசல் ஒரு மில்லி என்பது 10 மில்லிகிராம் படிகாரம். ஆறு ஜாடிகளில் ஒவ்வொரு லிட்டர் ஆற்றுத் தண்ணீர் எடுத்து, முதலாவதில் 1 மில்லி, அடுத்ததில் 2, இப்படி 6 வரை ஊற்றுங்கள். ஒரு நிமிடம் வேகமாகக் கலக்கி, கால் மணி நேரம் மெதுவாகக் கலக்கி, அரை மணி நேரம் ஆடாமல் விடுங்கள். எந்த ஜாடியில் மேல் தண்ணீர் நன்றாகத் தெளிகிறதோ அதுதான் இன்றைய அளவு. அதிகம் போட்டால் இன்னும் நன்றாகத் தெளியும் என்று நினைக்க வேண்டாம். அளவு மீறினால் துகள்கள் எதிர் மின்னூட்டம் ஏறித் திரும்பவும் ஒன்றையொன்று தள்ள ஆரம்பித்து, கலங்கலாகவே நிற்கும்.

காசுக் கணக்கும் பார்ப்போம். நம் கற்பனை நிலையத்தில் லிட்டருக்கு 30 மில்லிகிராம் போட்டால் ஒரு நாளைக்கு 300 கிலோ, அதாவது ஐம்பது கிலோ மூட்டை ஆறு. 20 போதும் என்று ஜார் டெஸ்ட் சொன்னால் நாளைக்கு இரண்டு மூட்டை மிச்சம். எரிந்த மோட்டாரை மாற்றும் செலவு எத்தனை நாளில் திரும்பும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அப்புறம் ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். படிகார அளவையும் கலக்கும் வேகத்தையும் மணல் கழுவும் நேரத்தையும் ஒரே வாரத்தில் மாற்றிவிட்டு, தண்ணீர் தேறியதும் எதனால் தேறியது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒன்றை மாற்று, இரண்டு வாரம் அள, எழுதி வை, அப்புறம் அடுத்தது. மதிப்பீடு சில நாளில் முடியும். திருத்தும் வேலை மாதக்கணக்கில் இழுக்கும். வெள்ளக் காலம் ஒன்றைத் தாண்டிப் பார்த்தால்தான் நம்பலாம்.

நிலையத்தின் வாசலோடு முடிவதில்லை

நிலையத்திலிருந்து கிளம்பிய தண்ணீர் நம் ஊர் மேல்நிலைத் தொட்டிக்கு வந்து, தெருக் குழாய்க்கு வரும்போது லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். குளோரினை அளக்கும் குளோரோஸ்கோப் என்ற சிறு கருவியில் தண்ணீரோடு சில சொட்டு மருந்து விட்டால் மஞ்சள் நிறம் தட்டுவது இதுதான். தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போடும் ஊர்களில் இன்னொரு சிக்கல். 30,000 லிட்டர் தொட்டிக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் வேண்டுமென்றால் 60 கிராம் குளோரின். புதுப் பவுடரில் மூன்றில் ஒரு பங்கு குளோரின் என்பதால் சுமார் 180 கிராம் பவுடர். மூட்டையைப் பிரித்து மோட்டார் ரூமில் போட்டு வைத்து, நம்ம ஊர் வெயிலில் வீரியம் பாதிக்கும் கீழே போன பிறகும் அதே 180 கிராமைப் போட்டால் பாதி வேலைகூட நடக்காது. பவுடர் போட்டார்களா என்று கேட்பதைவிட, கடைசி வீட்டுக் குழாயில் மஞ்சள் தெரிகிறதா என்று கேட்பது உருப்படியான கேள்வி.

ஃபுளோரைடு விஷயத்திலும் வாசலுக்கு வெளியேதான் கவனம் தேவை. தண்ணீர் போதவில்லை என்று ஆற்றுத் தண்ணீரோடு போர்வெல் தண்ணீரையும் ஒரே தொட்டியில் ஏற்றினால் என்ன ஆகும்? ஆற்றுத் தண்ணீரில் 0.4, போர்வெல்லில் 3 என்று வைத்துக்கொண்டால், பாதிக்குப் பாதி கலக்கும்போது 1.7. எல்லை தாண்டிவிட்டது. ஆற்றுத் தண்ணீர் மூன்று பங்குக்குப் போர்வெல் ஒரு பங்கு கலந்தால் 1.05. இந்த விகிதம் யார் கையில் இருக்கிறது என்றால், காலையில் எந்த வால்வை எவ்வளவு நேரம் திறக்கிறார் என்று முடிவு செய்யும் டேங்க் ஆபரேட்டர் கையில். கொதிக்கவைத்தால் போய்விடும் என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். போகாது, தண்ணீர் ஆவியாக ஆவியாக மிச்சத்தில் ஃபுளோரைடின் அடர்த்தி கூடத்தான் செய்யும். சுத்திகரிப்பு நிலையத்தில் வழக்கமாகப் போடும் படிகார அளவும் ஃபுளோரைடைப் பெரிதாகக் குறைக்காது.

அந்த மூட்டைக் கணக்கு ஆபரேட்டரிடம், கருவி வரும்வரை சும்மா இருக்க வேண்டாம், ஒரே அளவுள்ள ஆறு கண்ணாடி ஜாடியும் ஒரு கரண்டியும் இருந்தால் ஜார் டெஸ்டைக் கையாலேயே ஓரளவு செய்து பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். இரண்டு மாதம் கழித்துப் போன் வந்தது. ஊறுகாய் பாட்டில் ஆறு சேர்த்தாராம். மகளின் பழைய கணக்கு நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டு வருகிறாராம். "சார், தண்ணி தெளிஞ்சிருக்கிற நாளுக்கு முக்கா மூட்டையே போதுங்க. செவந்த நாளுக்குத்தான் ரெண்டு பத்தல."